ரோஜா இதழுக்கு என்ன விலை?

கேள்வி: ஆவணிக் கடைசியில் எனக்குக் கல்யாணம். எங்கள் இருவருக்குமே கூட்டம் ஆகாது. தேயிலைத் தோட்டம், சாரல், மூன்று இரவு, அது போதும். டிராவல்ஸ்காரர் கொடைக்கானலுக்கு 'ஹனிமூன் பேக்கேஜ்' 38,000 ரூபாய் என்கிறார். பாதியை இன்றே கட்டச் சொல்கிறார். கட்டலாமா?
- வாசகி, கோவை

பதில்: இன்றைக்குக் கட்டாதீர்கள். அறைக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு என்று முதலில் பிரித்து எழுதி வாங்குங்கள். கட்டிலில் ரோஜா இதழால் ஓர் இதயம், துண்டை மடித்துச் செய்த இரண்டு அன்னங்கள், அரைக் கிலோ கேக்: சாதாரண அறை 'ஹனிமூன்' அறையாவது பெரும்பாலும் இப்படித்தான். படுக்கும் முன் அந்த இதழ்களைத் தட்டிவிடுவதும் நீங்கள்தான்! 'அலங்காரம் வேண்டாம், கழித்துக்கொள்ளுங்கள்' என்று கேட்டுப் பாருங்கள். பேக்கேஜில் 'சைட் சீயிங்' இருந்தால் காலை ஒன்பதுக்கே டிரைவர் வந்து நிற்பார். தூண் பாறையில் ஊரே நிற்கும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வால்பாறைதான் பொருத்தம். கோவையிலிருந்து பொள்ளாச்சி, ஆழியாறு வழி. 40 கொண்டை ஊசி வளைவுகள். தலைசுற்றல் உள்ளவர் முன் சீட்டில் உட்காரட்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை வெளுத்து வாங்கும். நீங்கள் போகும் புரட்டாசியில் பெரும்பாலும் தணிந்திருக்கும். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலையோரமே உட்கார்ந்திருக்கும். ஆனால் இருட்டிய பிறகு தேயிலைக்குள் கைகோத்து நடக்கும் ஆசை வேண்டாம். சிறுத்தை நடமாடும் ஊர் அது.

ஊட்டி, கொடைக்கானல் போல வால்பாறைக்கும் இப்போது இ-பாஸ் வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாய் வரை என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான் (2025 செப்டம்பர் 22 முதல்). பழைய 12 சதவீதத்தைப் பில்லில் போட்டால் கேளுங்கள். முன்பணத்தைத் தனிநபர் எண்ணுக்கு ஜிபே செய்யாமல், விடுதியின் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்புங்கள். மலைப்பாதை மண்சரிவால் மூடினால் பணம் திரும்புமா, தேதி மாற்றலாமா என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவையுங்கள். பிறகு இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போட்டுப் புகார் சொல்ல அதுதான் ஆதாரம்.

இன்னொன்று, எஸ்டேட் பங்களா என்றால் இரவுச் சாப்பாடு உண்டா என்று இப்போதே கேளுங்கள். பசித்தால் இறங்கி வாங்க அங்கே தெருமுனைக் கடை இருக்காது. புரட்டாசி விரதம் உண்டென்றால் சமையல்காரரிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.