கேளுங்க சொல்றோம்: பழைய போர்ட்டபிள் கம்ப்யூட்டருக்கு வீட்லயே ரிப்பன் கேபிள்

கேள்வி: எங்க மாமா வச்சிருந்த டிஆர்எஸ்-80 மாடல் 100 இப்போ என்கிட்ட வந்திருக்கு. பேட்டரி போட்டா நல்லா ஓடுது, பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒண்ணும் இருக்கு, ரெண்டையும் இணைக்கற கேபிள் மட்டும் காணோம். நானே செஞ்சுக்க முடியுமா?

பதில்: தாராளமா செய்யலாம், சோல்டரிங் கூட வேண்டாம். 1983ல வந்த மெஷின் அது, கியோசெரா தயாரிச்சு ரேடியோ ஷாக் வித்தாங்க, என்இசி பிசி-8201, ஒலிவெட்டி எம்10 ரெண்டும் அதோட கூடப்பிறந்ததுங்க. நாலு ஏஏ பேட்டரில இன்னிக்கும் உயிரோட இருக்குன்னா அதை ஓட வைக்கறதுக்கு மெனக்கெடலாம், தப்பே இல்ல.

பின்னாடி ரெண்டு வரிசையா 26 பின் நிக்குதே, அதுதான் பிரிண்டர் போர்ட். பிரிண்டர்ல இருக்கறது 36 பின் சென்ட்ரானிக்ஸ், பழைய பிரிண்டர்ங்கள்ல வர்ற அகலமான கனெக்டர். அதனால உங்களுக்கு வேண்டியது 26 கம்பி ரிப்பன் (கம்பிங்க பட்டையா ஒட்டி இருக்கற கேபிள்), ஒரு 26 பின் ஐடிசி சாக்கெட், ரிப்பன்ல அழுத்தற மாதிரி ஒரு 36 பின் சென்ட்ரானிக்ஸ் பிளக், அவ்ளோதான். ரிப்பன்ல கம்பிக்கு கம்பி 1.27 மிமீ இடைவெளி இருக்கணும். ஐடிசின்னா உள்ள சீப்புப் பல் மாதிரி ரெண்டு முனையா பிளந்த தகடு இருக்கும், அழுத்தும்போது அது பிளாஸ்டிக் உறையை தானே கிழிச்சு கம்பியைக் கவ்விக்கும், அதனாலதான் உறையை உரிக்கற வேலையே இல்ல.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். பின் நம்பரைப் பாத்தா தலை சுத்தும், கம்பியை எண்ணுங்க. சென்ட்ரானிக்ஸ் பிளக்ல பல்லு மேல் வரிசை கீழ் வரிசைன்னு மாறி மாறி இருக்கு, அதனால முதல் கம்பி 1ஆம் பின்னுக்குப் போனா ரெண்டாவது கம்பி 19க்குப் போகும், மூணாவது 2க்கு, நாலாவது 20க்கு, இப்படியே போகும். மாடல் 100ல 1ஆம் பின் ஸ்ட்ரோப் (டேட்டாவை எடுத்துக்கோன்னு பிரிண்டருக்குச் சொல்றது), 3, 5, 7ன்னு 17 வரைக்கும் ஒத்தைப்படை பின் எட்டும் டேட்டா, 21 பிஸி (வேலையா இருக்கேன்னு பிரிண்டர் சொல்றது). இந்தக் கணக்குப்படி போட்டுப் பாருங்க, எல்லாமே பிரிண்டர்ல எங்க இருக்கணுமோ அங்கேயே போய் உக்காருது, டேட்டா 2லேர்ந்து 9 வரைக்கும், பிஸி 11ல. ஒரு கம்பியைக் கூட மாத்திப் போட வேண்டாம். அந்தக் காலத்துல இதை டிசைன் பண்ணவங்க ரிப்பன் கேபிளை மனசுல வச்சுதான் பண்ணியிருக்காங்கன்னு தெரியுது, ரொம்ப அழகான வேலை. 26 கம்பியையும் 1ஆம் பின் முனையை ஒட்டி வைங்க, மீதி பத்து பல்லு காலியா இருக்கட்டும்.

கடைசிக் கம்பில மட்டும் ஒரு விஷயம் பாக்கணும். 26ஆவது கம்பி சென்ட்ரானிக்ஸ்ல 31ஆம் பின்னுக்குப் போகுது, அது பிரிண்டரை ரீசெட் பண்ற பின். மெஷின் பக்கம் அது கிரவுண்டோட (பூஜ்ய வோல்ட் கம்பியோட) சேர்ந்திருந்தா பிரிண்டர் எப்பவும் ரீசெட்லயே நிக்கும், ஒரு எழுத்து அடிக்காது. மெஷினை ஆஃப் பண்ணிட்டு 26ஆம் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல மல்டிமீட்டர்ல பாருங்க, பீப் அடிச்சா அந்த ஒரு கம்பியை மட்டும் ரிப்பன்லேர்ந்து பிரிச்சு கொஞ்சம் வெட்டிட்டு அப்புறம் அழுத்துங்க.

கேள்வி: 26 கம்பி ரிப்பன் கிடைக்கல. பழைய கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க் கேபிள் நிறைய கிடக்கு, ஆகுமா?

பதில்: 40 கம்பி இருக்கற பழைய ஐடிஇ கேபிள்னா ஆகும், 80 கம்பி இருக்கறது ஆகாது, அதுல கம்பி பாதி இடைவெளில இருக்கு, நம்ம ஐடிசி பல்லு ரெண்டு கம்பியைச் சேர்த்துக் கடிச்சிடும். ஃப்ளாப்பி கேபிளும் நல்லதுதான், 34 கம்பி இருக்கும், ஆனா நடுவுல சில கம்பியை முறுக்கி விட்டிருப்பாங்க, அந்தத் துண்டை விட்டுட்டு நேரா இருக்கற பகுதியை எடுங்க. சிவப்புக் கோடு இருக்கற ஓரத்துலேர்ந்து 26 எண்ணி, 26க்கும் 27க்கும் நடுவுல பிளேடால ஒரு சின்ன கீறல் போட்டு கையால இழுத்தா நூல் பிடிச்ச மாதிரி நேரா பிரியும். கலர் ரிப்பன்னா இன்னும் வசதி, பத்து கலர் திரும்பத் திரும்ப வரும், பிரவுன்ல ஆரம்பிச்சா 26ஆவது நீலம், எண்ணவே வேண்டாம்.

கேள்வி: கிரிம்பிங் டூல் இல்லாம சுத்தியலால தட்டலாமா?

பதில்: வேண்டாங்க. ஒரு பக்கம் முதல்ல இறங்கி பல்லு வளைஞ்சிடும், வெளில பாத்தா தெரியாது, பிரிண்டர் மட்டும் தப்புத் தப்பா அடிக்கும். பெஞ்ச் வைஸ் இருந்தா ரெண்டு மரத்துண்டுக்கு நடுவுல வச்சு மெதுவா இறுக்குங்க, ரெண்டு ஓரமும் ஒரே அளவு இறங்குதான்னு பாத்துக்கிட்டே. அழுத்தினப்புறம் மிச்ச ரிப்பனை ஒட்ட வெட்டிடுங்க, வெட்டின முனைல ஒரு மெல்லிய இழை நீட்டிக்கிட்டு பக்கத்துக் கம்பியைத் தொட்டுச்சுன்னா ஷார்ட். ஒருதடவை அழுத்தின கனெக்டரைக் கழட்டி திரும்பப் போடாதீங்க, பிடிப்பு போயிடும்.

கேள்வி: மாடல் 100க்கு அடியில 40 பின் ஐசி சாக்கெட் இருக்கு, டிஸ்க் வீடியோ இன்டர்ஃபேஸ் (டிஸ்க் டிரைவ், டிவி இணைக்கற பெட்டி) அதுலதான் சொருகணுமாம். ஒரு பக்கம் டிப் பிளக் (ஐசி மாதிரியே ரெண்டு வரிசைக் கால் இருக்கறது), இன்னொரு பக்கம் ஐடிசி சாக்கெட் போட்டேன். மீட்டர்ல பாத்தா நம்பர் எதுவும் ஒத்துப் போகல, 2ஆம் பின்னுக்கு 40 வருது. கேபிள் தப்பா?

பதில்: கேபிள் சரி. டிப் பிளக்ல ஒரு பக்கமா 1லேர்ந்து 20 வரைக்கும் இறங்கி எதிர்ப்பக்கமா 21லேர்ந்து 40 வரைக்கும் ஏறுவாங்க, ஐடிசில குறுக்குக் குறுக்கா எண்ணுவாங்க, வித்தியாசம் அவ்ளோதான். ஐடிசி 1க்கு டிப் 1, 2க்கு 40, 3க்கு 2, 4க்கு 39, கடைசில 39க்கு 20, 40க்கு 21. இந்த வரிசைல பீப் அடிச்சா நிம்மதியா இருங்க. அப்புறம் ஒவ்வொரு கம்பிக்கும் அதோட பக்கத்துக் கம்பிக்கும் பீப் வரக்கூடாது, அதையும் ஒண்ணு விடாம பாருங்க, மெஷின்ல சொருகறது அதுக்கப்புறம்தான், ஏன்னா இது பிராசஸரோட பஸ் (பிராசஸர் நேரா பேசற கம்பிங்க), பிரிண்டர் போர்ட் மாதிரி பொறுத்துக்காது.

டிப் பிளக்குக்குப் பதிலா சதுரமான ஹெட்டர் பின்னை வச்சு ஒப்பேத்தறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க. அது 0.64 மிமீ கனம், ஐசி காலோ மெல்லிய தகடு, சாக்கெட்டோட கவ்வி ஒருதடவை விரிஞ்சா அப்புறம் சரியான பிளக் கூட லூஸா நிக்கும், நாப்பது வருஷ போர்டுல சாக்கெட் மாத்தறது சின்ன வேலை இல்ல.

கேள்வி: ரிப்பனோட எந்தப் பக்கத்துல கனெக்டரை வைக்கணும்? மாத்தி வச்சா தலைகீழாயிடுமா?

பதில்: கனெக்டர்ல இருக்கற சின்ன முக்கோணம் சிவப்புக் கோட்டோட ஓரத்துல இருக்கற வரைக்கும் ரிப்பனுக்கு மேல வச்சாலும் கீழ வச்சாலும் கரெண்ட் போற வழி ஒண்ணுதான். கேபிள் எந்தத் திசைல வெளில வருதுங்கறது மட்டும் மாறும், அதனால அழுத்தறதுக்கு முன்னாடி மெஷின்ல சும்மா சொருகிப் பாத்து திசையைப் பேனால குறிச்சுக்கோங்க. முக்கோணம் மறு ஓரத்துக்குப் போச்சுன்னாதான் ஆபத்து, 1 போய் 26ல நிக்கும், டேட்டா எல்லாம் கிரவுண்டுல உக்காரும்.

கேள்வி: நீளம் எவ்ளோ வைக்கலாம்?

பதில்: பிரிண்டருக்கு ரெண்டு மீட்டர் வரைக்கும் தைரியமா வைங்க, ஒவ்வொரு சிக்னல் கம்பிக்கும் பக்கத்துல ஒரு கிரவுண்ட் கம்பி ஓடுது. பஸ் கேபிளை ஒரு அடிக்குள்ள முடிச்சிடுங்க, மடிக்கறதுக்கு கொஞ்சம் விட்டு.