ஆடிப் பிள்ளை, சித்திரைப் பிள்ளை: காரைக்குடி பி.டி. சார் பதில்கள்

பள்ளத்தூர் ஆச்சி: பேரன் ஜூலை 28-ல் பிறந்தவன். ஒன்றாம் வகுப்பில் எல்லாரையும்விடப் பின்தங்கி நிற்கிறான். ஆடி மாதப் பிறப்பு என்பதாலா?

ஆடி என்ன பாவம் செய்தது ஆச்சி? நம்ம ஊரில் ஜூலை 31-க்குள் ஐந்து வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. உங்கள் பேரன் கிளம்பிய பஸ்ஸில் ஓடி ஏறியவன். ஆகஸ்ட் 1-ல் பிறந்திருந்தால் அதுவும் ஆடிதான், ஆனால் அடுத்த வருஷ வகுப்பில் அவன்தான் மூத்தவன். அந்த வயதில் பதினோரு மாதம் என்பது மலையளவு வித்தியாசம். பென்சிலை எப்படிப் பிடிக்கிறான் என்று பாருங்கள், விரல் வெளுக்க இறுக்கிப் பிடித்து நாலுகோடு நோட்டில் கோட்டைத் தாண்டுவான். அது மந்தம் இல்லை, வயசு. அமெரிக்காவில் செப்டம்பர் 1 எல்லை உள்ள மாநிலங்களில், வகுப்பில் கடைக்குட்டிகளான ஆகஸ்ட் பிள்ளைகளுக்குக் கவனக்குறைவுக் கோளாறு என்று பெயர் வைப்பது செப்டம்பர் பிள்ளைகளைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம் என்று 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. வகுப்பு ஏற ஏற இடைவெளி குறையும். அதுவரை அவனை யாரும் மக்கு என்று சொல்ல விடாதீங்க.

தேவகோட்டை வாசகர்: மகன் ஆகஸ்ட் 20. வகுப்பில் பெரியவன், கிரிக்கெட் தேர்வில் மட்டும் கழித்துவிடுகிறார்கள்.

கிரிக்கெட் வாரியத்தின் வயதுக் கணக்கு செப்டம்பர் 1. அங்கே அவன்தான் கடைக்குட்டி. பள்ளிகளுக்கிடையிலான தேசியப் போட்டிகளில் ஜனவரி 1. ஒரே பையன், மூன்று கோடு. கனடாவில் ஐஸ் ஹாக்கி வீரர்களில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் பிறப்பு குவிந்திருப்பதை ரோஜர் பார்ன்ஸ்லி 1985-லேயே காட்டினார், அங்கேயும் ஜனவரி 1 கோடுதான். வளர்ந்த பையனை எடுக்கிறோம், அவனுக்கே பயிற்சியும் மேட்சும் கொடுக்கிறோம், நாலு வருஷம் கழித்து அவன் நிஜமாகவே நல்ல ஆட்டக்காரன் ஆகிவிடுகிறான். அப்புறம் 'அன்றைக்கே சொன்னேன் பார்' என்கிறோம்.

கானாடுகாத்தான் வாசகர்: சான்றிதழில் வயதை ஒரு வருஷம் குறைத்துவிட்டால்?

வேண்டாம். பதினாறு வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட்டில் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்க்கிறார்கள். மாட்டினால் தடை.

கோட்டையூர் வாசகர்: எங்கள் அப்பச்சிக்குச் சான்றிதழில் ஜூன் 1, பிறந்தது மார்கழி. ஹெட்மாஸ்டர் எழுதியதுதான் தேதி. அவர் நன்றாகத்தானே படித்தார்?

வாங்க, இதைத்தான் எதிர்பார்த்தேன். அந்தக் காலத்தில் கையைத் தலைக்கு மேல் வளைத்து எதிர்ப்பக்கக் காதைத் தொட்டால் சேர்க்கை. சிரிக்கிறோம், ஆனால் அது காகிதத்தைப் பார்க்காமல் பிள்ளையின் வளர்ச்சியைப் பார்த்தது. இப்போது இங்கிலாந்துக் கால்பந்து அகாடமிகள் சிலவற்றில் வயதை விட்டு உடல் வளர்ச்சிப்படி அணி பிரித்து ஆட வைக்கிறார்கள்.

பள்ளத்தூர் ஆச்சி: கை நீளமான பிள்ளைக்குத்தானே அது லாபம்? என் தங்கச்சி குட்டை, ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தாள்.

சரிதான் ஆச்சி, எந்தக் கோடு போட்டாலும் யாராவது வெளியே நிற்பார்கள். ஆனால் உங்கள் தங்கச்சி அடுத்த வருஷம் வகுப்பில் மூத்தவளாகப் போயிருப்பாள், அதையும் கணக்கில் எடுங்கள்.

கோட்டையூர் வாசகர்: அப்படியானால் இப்போதும் ஒரு வருஷம் நிறுத்திச் சேர்க்கலாமா?

சட்டப்படித் தடையில்லை. பக்கத்து வீட்டுப் பையன் முந்திவிடுவான் என்ற பயத்தில் மட்டும் செய்யாதீங்க.

புதுவயல் வாசகர்: சித்திரையில் பிறந்தவன் கபடியில் வருவானா?

ஜோசியரைக் கேளுங்கள்.

கண்டனூர் வாசகர்: தேதி திருத்த யாரைப் பார்க்க வேண்டும்?

மேலே எக்ஸ்ரே என்று எழுதியிருக்கிறேன், படியுங்கள். அடுத்த தேதிக் கேள்விக்குப் பதில் கிடையாது.