காய்ச்சலை மறைக்கும் பையன்கள்

அக்கா, கானாவின் அக்ராவில் உங்கள் பொறுப்பில் உள்ள, சபை ஊழியத்துக்கு வந்த பையன்கள் காய்ச்சல் வந்தால் மூன்று நாள் கழித்துத்தான் வாய் திறக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நானும் என் வீட்டுக்காரரும் பிற்காலப் பரிசுத்தவான்கள் சபைக்காக (மார்மன் சபை என்பார்களே, அதுதான்) கானாவில் 18 மாதம் இதே பாடுதான் பட்டோம். திமிரெல்லாம் இல்லை, ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். காய்ச்சல்காரப் பையனைக் கேட்காதீர்கள், ஊழியத்தில் அவன் கூடவே திரியும் ஜோடிக்காரனைக் கேளுங்கள், "ராத்திரி போர்வையை இழுத்துப் போர்த்தினானா?" என்றால் உளறிவிடுவான். காய்ச்சல் என்றால் அன்றைக்கே மலேரியா ரத்தப் பரிசோதனை, அதில் பேச்சே இல்லை. தடுப்பு மாத்திரை போட்டாலும் மலேரியா வரலாம்.

அந்த மாத்திரை அட்டையையும் வாங்கி எண்ணுங்கள். ஒரு பையன் டாக்ஸிசைக்ளின் என்ற அந்தத் தடுப்பு மாத்திரையை ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்து, நெஞ்சு எரிந்து, சொல்லாமலே நிறுத்திவிட்டான், அட்டையில் 12 மாத்திரை அப்படியே இருந்தது! சாப்பிட்டபின், நிறையத் தண்ணீரோடு, அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள். இந்த மாத்திரை போட்டால் வெயிலில் தோல் எரியும், தொப்பி வேண்டும்.

அப்புறம், வயிற்றுப்போக்கு. கடையில் உப்புக்கரைசல் பொட்டலம் கிடைக்காவிட்டால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உங்கள் வீட்டுக்கார அண்ணனைக் கொசுவலை ஓட்டை தைக்க அனுப்புங்கள், என் வீட்டுக்காரர் சட்டைப்பையில் ஊசி நூலோடுதான் அலைந்தார்.