ரவையும் களியும்

அன்புள்ள அம்மா,

நான் காரைக்குடியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 26. சிறுவயதில் இரண்டு வருடம் பாட்டு கற்றேன், கீதம் என்கிற ஆரம்பப் பாட்டு வரை வந்து நின்றுவிட்டது. இப்போது ஓராண்டாகக் கர்நாடக சங்கீத வித்வான் ஜி.என்.பி.யின் (ஜி.என். பாலசுப்பிரமணியம்) பதிவுகளைப் போட்டு, கூடவே பாடிப் பழகுகிறேன். ஸ்வரங்களை மின்னல் வேகத்தில் உதிர்க்கிற பிருகா மட்டும் பிடிபடவில்லை. தொண்டை தானாக ஆடுகிறது, ஆனால் அவர் பாடுவது மாதிரி இல்லை. போனில் வேகத்தைக் குறைத்துக் கேட்கலாமா? சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு சாப்பிட்டால் பலன் உண்டா? ஜி.என்.பி.யே குரு இல்லாமல் கேள்வி ஞானத்தில் வந்தவர்தானே, என்னால் முடியாதா?

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. போன வாரம்தான் உங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவில், பழைய சாமான் கடை ஒன்றில், கிராமபோன் புனல் ஒன்றைத் தலைகீழாகத் தொங்கவிட்டு உள்ளே பல்பு மாட்டியிருந்ததைப் பார்த்தேன். விலை கேட்டேன். சொன்னார்கள். பேசாமல் பஸ் ஏறித் தேவகோட்டைக்கு வந்துவிட்டேன். அன்றிலிருந்து பாட்டுக் கேட்பது பற்றியேதான் மனம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சுக்கு மிளகை முதலில் முடித்துவிடுவோம். சாப்பிடுங்கள், சளிக்கு நல்லது. பிருகாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஜி.என்.பி. குரு இல்லாமல் வந்தார் என்கிறீர்கள். உங்களைப்போல எழுதுகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் பிடித்துக்கொள்கிறீர்கள். அவருடைய அப்பா திருவல்லிக்கேணியில் பள்ளித் தலைமையாசிரியர், சங்கீதத்தில் ஊறியவர், வித்வான்கள் வந்துபோகிற வீடு அது. நம் வீட்டு வாசலுக்கு வருவது பால்காரரும் கேபிள்காரரும். கேள்வி ஞானம் என்றால் ஏதோ செலவில்லாமல் கிடைப்பது என்று நினைக்காதீர்கள், அந்தக் காது எப்பேர்ப்பட்ட இடத்தில் உட்கார்ந்திருந்தது என்றும் பாருங்கள். இன்னொன்று. அவர் தன் ஆதர்சமாக வைத்திருந்தது யாரை? உங்கள் கடையிலிருந்து சைக்கிளில் போய்வருகிற தூரத்தில் இருக்கும் அரியக்குடியில், 1890இல் பிறந்த பாடகர் ராமானுஜ ஐயங்காரை. அளவான பாட்டு, மத்யம காலம் என்கிற நடுத்தர வேக ஓட்டம், பிருகாவைக் கொட்டி மிரட்டுகிற வேலையே கிடையாது. பிருகாவுக்கே பேர்போன ஒருவர் இப்படிப்பட்டவரைக் கேட்டு வளர்ந்திருக்கிறார். சரி, அப்புறம் பிருகா எங்கிருந்து வந்தது என்றால், நாகஸ்வரத்திலிருந்து, ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பிலிருந்து என்றுதான் ரசிகர்கள் சொல்வார்கள். ஒரு தொண்டை இன்னொரு தொண்டையைப் பார்த்து ஆடியதில்லை, தம்பி. விரல் செய்ததைத் தொண்டை செய்யப் பார்த்தது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் பாட்டு வாத்தியார் பிருகா என்ற சொல்லையே சொல்லமாட்டார். ரவை என்பார். ‘அவருக்கு ரவை நல்லாப் பேசும்’ என்பார். என்னை இரண்டு வருடம் அந்தப் பக்கமே விடவில்லை. ஆரம்பப் பாடமான ஸ்வர வரிசையைப் பாடு, மூன்று காலம், அதாவது மூன்று வேகத்தில் பாடு, மறுபடி பாடு. எனக்கோ அவசரம். வீட்டில் கிராமபோன் இருந்தது, ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது. இசைத்தட்டில் கேட்ட கல்யாணி ராக ஆலாபனையின் கடைசிச் சங்கதி ஒன்றை, அதாவது ஒரு ஸ்வரக் கோவையை, வாத்தியாருக்குத் தெரியாமல், வீட்டின் பின்பக்க இரண்டாங்கட்டில் நெல் மூட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டு நானே பழகினேன். தொண்டை தானாக ஆடியது, உங்களுக்கு ஆடுகிற மாதிரியே. வந்துவிட்டது என்று நினைத்தேன்.

எழுபதுகளில் எங்கள் பங்காளி வீட்டுக் கல்யாணம். எனக்குப் பத்தொன்பது வயது. வளவில் ஜமுக்காளம் விரித்துப் பாடச் சொன்னார்கள். பாடினேன், அந்தச் சங்கதியையும் போட்டேன், ஆச்சிமார் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கீழே இறங்க மனமில்லாமல் மிதந்துகொண்டு முகப்புப் பக்கம் வந்தால், அங்கே திண்ணையில் நாகஸ்வரக்காரர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். வயதானவர். “நல்லா இருந்துச்சு ஆச்சி. அந்தக் கடைசிச் சங்கதியை ஸ்வரமாச் சொல்லுங்களேன், நானும் தெரிஞ்சுக்கிறேன்” என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். அதுதான் இன்னும் எரிகிறது. நான் மூன்று ஸ்வரம் சொன்னேன். நாலாவதில் நின்றேன். மறுபடி முதலிலிருந்து, மறுபடி நாலாவதில்.

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, நாகஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியை நனைத்து மாட்டி, அதே சங்கதியை வாசித்தார். மெதுவாக, ஒவ்வொரு விரலும் எழுந்து உட்காருவது எனக்குத் தெரிகிற மாதிரி. எண்ணினேன், பதினோரு ஸ்வரம். அடுத்து இரட்டை வேகம். அடுத்து அதற்கும் இரட்டை, அப்போது அது இசைத்தட்டில் இருந்த அதே சங்கதி ஆகிவிட்டது, ஆனால் பதினொன்றும் இருந்தன. நான் பாடியதில் ஆறோ ஏழோதான் ஸ்வரம். மீதி நடுக்கம்.

வாத்தியாரிடம் போய் அழுதேன். திட்டுவார் என்று பார்த்தால், சமையல்கட்டுப் பக்கம் கையைக் காட்டி, “உப்புமா கிண்டத் தெரியுமா? ரவையை வறுக்காம, தண்ணி அளவு தெரியாமக் கொட்டினா என்ன ஆகும்?” என்றார். களி ஆகும். ‘அதைத்தான் நீ பாடினே.’ அவ்வளவுதான், மறுநாள் காலை மறுபடி வரிசை.

உங்கள் கடிதத்தில் ‘தொண்டை தானாக ஆடுகிறது’ என்ற வரியை நீங்கள் பெருமையாக எழுதினீர்களா வருத்தமாக எழுதினீர்களா என்று தெரியவில்லை. தானாக ஆடினால் அது பிருகா இல்லை. குளிரிலும்தான் தொண்டை ஆடும். பிருகா என்பது வேகமாகச் சொன்ன ஸ்வரம். ஒவ்வொரு மணியும் தன் இடத்தில் பட்டு, ஸ்ருதி குலையாமல், அடுத்ததற்குப் போக வேண்டும். ஒன்று மங்கினாலும் பக்கத்தில் இருப்பது அதோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் கேட்கிறவருக்குப் பளபளப்பு மட்டும்தான் கிடைக்கும். நீங்கள் ஓராண்டாகக் கேட்டது அந்தப் பளபளப்பை. ஸ்வரத்தைக் கேட்கவே இல்லை. கோபம் வந்தால் வரட்டும், ஓராண்டு என்பது சின்ன விஷயமில்லை, அதை இப்படிச் செலவழித்திருக்கிறீர்களே என்றுதான் சொல்கிறேன். மூன்றாம் காலத்தில் வரிசை பாடும்போது ஸ்வரங்கள் தனித்தனியாக நிற்கிற ஒருவருக்கு பிருகா பாதி வந்த மாதிரி. கீதத்தோடு நிறுத்தினேன் என்கிறீர்கள். நிறுத்திய இடத்துக்குக்கூட இல்லை, அதற்கும் முன்னால் போங்கள்.

அடுத்து, கூடவே பாடுவது. அதை இன்றே விடுங்கள். அவர் குரல் உங்கள் குரலை மூடிவிடுகிறது, உங்களுக்கோ நாம்தான் பாடுகிறோம் என்ற மயக்கம். அப்பத்தாவுக்கு ஒரு ஸ்வரம் தெரியாது, ஆனால் இசைத்தட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போது பட்டாலையில் காய் நறுக்கியபடியே ‘இங்கன மூச்சு வாங்குறாரு’ என்பாள். சரியாக இருக்கும். வாயை மூடிக்கொண்டு கேட்டவள் அவள்.

வேகத்தைக் குறைப்பது பற்றிக் கேட்டீர்கள், பாதி மறந்துவிட்டேன். எங்கள் கிராமபோன் 78 சுற்று, ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட வரும். சாவி கொடுக்க மறந்தால் சுருள்வில் தளர்ந்து குரல் இறங்கும், பெண் குரல் ஆண் குரலாகும், ஆண் குரல் எருமையாகும். கல்யாண வீட்டில் அவமானப்பட்டு வந்த பிறகு, நான் வேண்டுமென்றே அரைச் சாவி கொடுத்துவிட்டு அந்தக் கடைசிச் சங்கதிக்காகக் காத்திருப்பேன். தளர்கிற நேரமும் சங்கதி வருகிற நேரமும் எப்போதாவது பொருந்தும். பொருந்தினால் மணி மணியாகக் காதில் விழும். பெட்டியைக் கெடுக்கிறேன் என்று அப்பத்தாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். பின்னால் பங்கு பிரித்தபோது அந்தப் பெட்டியை யார் விற்றார்கள், எவ்வளவுக்கு விற்றார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்தப் புனலைப் பார்த்து ஏன் விலை கேட்டேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

உங்கள் போனில் ஸ்ருதி இறங்காமலே வேகம் குறைகிறது. கொடுத்துவைத்தவர் நீங்கள். தாராளமாகக் குறையுங்கள், ஆனால் பாதிக்கும் கீழே போனால் குரல் குழறும். கமகங்களும், அதாவது ஸ்வரத்தின் அசைவுகளும், தூளி மாதிரி பெரிதாக ஆடும், அதை அப்படியே பழகிவிடாதீர்கள். குறைப்பது எண்ணுவதற்கு மட்டும். எண்ணி, ஸ்வரம் சொல்லி, அதே வேகத்தில் ‘ஆ’ என்று அகாரமாகப் பாடி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். தொண்டை வலித்தால் அன்றைக்கு அதோடு விடுங்கள். ஊரிலேயே ஒரு வாத்தியாரையும் பாருங்கள், உங்கள் களியை வேறு யார் எடுத்துச் சொல்வார்கள்?

எந்தக் கட்டையில், அதாவது எந்த ஸ்ருதியில், பாடுகிறீர்கள் என்று எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். கூடவே ஒரே ஒரு சங்கதி, ஜி.என்.பி. பாடியதில் உங்களுக்குப் பிடித்தது எதுவானாலும் சரி, அதன் ஸ்வரத்தை எழுதி அனுப்புங்கள். குரல் பதிவு வேண்டாம்.