பயிற்சிக்கு விட்ட வேட்டை நாயைத் திருப்பித் தர மறுக்கிறார்: என்ன செய்யலாம்?

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் வசிக்கிறேன். எங்கள் ஆண் சிப்பிப்பாறை நாய் 10 மாதக் குட்டியாக இருந்தபோது, பக்கத்து மாவட்டத்தில் நாய்ப் பயிற்சிக்கூடம் நடத்தும் ஒருவரிடம் விட்டேன். கூப்பிட்டால் வர வேண்டும், வார் போட்டால் இழுக்காமல் நடக்க வேண்டும், ஓட்டம் நன்றாக வர வேண்டும் என்று சொன்னேன். மாதம் 9,000 ரூபாய், 3 மாதம் என்று பேச்சு. 18,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிட்டேன். முதல் மாதம் வாராவாரம் வீடியோ வந்தது, பிறகு நின்றுவிட்டது. 3 மாதம் முடிந்து நேரில் போனால், நாய் எலும்பும் தோலுமாக இருக்கிறது. கழுத்தில் சங்கிலிப் புண், ஒரு காது கிழிந்திருக்கிறது. பாக்கி 9,000 போக, தீனி, மருந்து என்று இன்னும் 14,000 கொடுத்தால்தான் நாயைத் தருவேன் என்கிறார். இரவில் முயல் விரட்ட அதைக் கொண்டுபோகும் வீடியோ ஒன்றை ஒருவர் எனக்கு அனுப்பினார். கிராஸுக்கும் (இனச்சேர்க்கைக்கும்) விட்டுக் காசு வாங்கியதாகக் கேள்விப்படுகிறேன். ரசீதின் பின்பக்கம், ‘நாய்க்கு நேரும் எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல’ என்று அச்சடித்திருக்கிறது. ஆட்களோடு போய் நாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். போகாதீர்கள். நாய் உங்களுடையதுதான். ஆனால், பாக்கி வைத்துவிட்டு உங்கள் பொருளையே நீங்கள் எடுத்து வந்தாலும் திருட்டு வழக்கு வரக்கூடும். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து ஓர் உதாரணத்தை அப்படியே எடுத்து வைத்திருக்கிறது. கைக்கடிகாரத்தைப் பழுது பார்க்கக் கொடுத்தவர், கூலி பாக்கி இருக்கும்போது, கடைக்காரர் ஈடாகப் பிடித்து வைத்திருக்கும் அந்தக் கடிகாரத்தை அவர் கையைவிட்டுப் போகச் செய்யும் எண்ணத்தோடு எடுத்தால் அது திருட்டு. பாக்கியே இல்லாதவர் எடுத்தால் திருட்டு இல்லை, ஆனால் அத்துமீறி நுழைந்ததற்கும் கைகலப்புக்கும் வழக்கு வரலாம். உங்கள் பக்கம் 9,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. அதைத் தீர்க்காமல் வேலி தாண்டினால் புகார்தாரராக இருக்க வேண்டிய நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவராகிவிடுவீர்கள்.

நாயைப் பயிற்சிக்கு விடுவது, சட்டத்தின் பார்வையில், ஒரு பொருளைக் குறிப்பிட்ட வேலைக்காக இன்னொருவரிடம் ஒப்படைத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பெறுவது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ல் 148 முதல் 171 வரையிலான பிரிவுகள் இதைப் பற்றியவை. நாயைப் ‘பொருள்’ என்று சொல்வது மனதுக்கு ஒப்பாதுதான். ஆனால் உங்கள் வழக்குக்குப் பலமே அந்தப் பிரிவுகள்தான்.

அவருக்கு நாயைப் பிடித்து வைக்கும் உரிமை உண்டா? ஓரளவுக்கு உண்டு. உழைப்போ திறமையோ செலுத்தி வேலை செய்தவர், அந்த வேலைக்கு உரிய கூலி வரும்வரை பொருளை வைத்துக்கொள்ளலாம் என்கிறது 170-வது பிரிவு. இதில் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. ஒப்படைத்த நோக்கப்படி வேலை நடந்திருக்க வேண்டும். பிடித்து வைப்பதும் அந்த வேலையின் கூலிக்காக மட்டுமே இருக்க வேண்டும். 9,000 ரூபாய்க்கு அவர் இதைச் சொல்லிப் பார்க்கலாம். முன்கூட்டிப் பேசாத தீனிச் செலவு 14,000-க்குச் சொல்ல முடியாது. மாதக் கட்டணத்தில் தீனி சேர்த்தியா இல்லையா என்று எங்காவது எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். பயிற்சிக்கூடத் தகராறுகள் பல இந்த ஒரு வரி இல்லாததால்தான் வளர்கின்றன.

எனவே இப்படிச் செய்யுங்கள். செலவு விவரத்தை எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் போதும். ஒப்புக்கொண்ட 9,000 ரூபாயை மட்டும் வங்கி வழியாக அனுப்புங்கள். குறிப்பில் ‘பயிற்சிக் கட்டண பாக்கி, ஆட்சேபத்துடன்’ என்று எழுதுங்கள். உடனே, இத்தனை மணிக்கு நாயை எடுக்க வருகிறேன் என்று செய்தி அனுப்புங்கள். ரொக்கமாகக் கொடுக்கவே கூடாது. பேசிய காலம் முடிந்ததும் கேட்காமலேயே திருப்பித் தர வேண்டியது அவர் கடமை (பிரிவு 160). அவர் தவறால் தாமதமானால், அந்த நாளிலிருந்து நாய்க்கு நேரும் இழப்பும் சேதமும் அவர் தலையில் (பிரிவு 161). பாக்கியைத் தீர்த்த பிறகும் தர மறுத்தால், நம்பிக்கை மோசடிக்கு (பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 316) காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். பாக்கி நிற்கும்போதே போனால் ‘இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்க’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதில் நியாயமும் உண்டு.

நாய் கைக்கு வந்த அன்றே, வீட்டுக்குப் போகும் முன், அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். வழக்கைத் தாங்கப்போவது இந்தச் சான்றிதழ்தான். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதை இப்போதே சொல்லிவிடலாம்: ‘சிப்பிப்பாறை இனமே ஒல்லிதான், விலா தெரியத்தான் செய்யும்.’ உண்மைதான். ஓட்ட நாய்களுக்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தெரிவது ஆரோக்கியமான உடம்பு. பட்டினியை விலாவில் தேடக் கூடாது. முதுகுத்தண்டின் முட்டுகள் வரிசையாகத் துருத்தி நிற்பது, இடுப்பெலும்பு கூர்மையாகத் தெரிவது, பின்னந்தொடைச் சதை வற்றிக் குழி விழுவது: இவைதான் பட்டினியின் அடையாளம். இவற்றை மருத்துவர் தனித்தனியாக எழுத வேண்டும். எடையைக் கிலோகிராமில் எழுத வேண்டும். கழுத்துப் புண்ணின் நீள அகலம், புதிதா பழையதா, காதுக் கிழிசலில் தழும்பு கட்டிவிட்டதா என்பதும் வேண்டும். உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். கிராஸுக்கு விட்டது உண்மையாக இருந்தால் புருசெல்லா (கலவியில் பரவும் பாக்டீரியா) பரிசோதனையும் தேவை. கலவியில் தொற்றும் கட்டி சில வாரங்கள், மாதங்கள் கழித்துத்தான் தெரியும், எனவே மறுபரிசோதனைக்குத் தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு ஜோடியாக, விடும்போது நாய் எப்படி இருந்தது என்பதற்குச் சான்று வேண்டும். தடுப்பூசி அட்டையில் எடை குறித்திருப்பார்கள், தேடிப் பாருங்கள். விட்ட அன்று எடுத்த படம், முதல் மாத வீடியோக்கள் எல்லாம் உதவும். நல்ல நிலையில் கொடுத்தேன், இந்த நிலையில் திரும்பி வந்தது என்று நீங்கள் காட்டிவிட்டால் போதும். சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்த நாயைப் பார்ப்பதுபோல் கவனமாகப் பார்த்தேன் (பிரிவு 151) என்று நிரூபிக்கும் சுமை அவர் பக்கம் போய்விடும். கூடத்துக்குள் நடந்தது அவருக்குத்தானே தெரியும்.

முயல் விவகாரத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் சட்டப்படி மிகக் கனமான விஷயம் அதுதான், ஆனால் அது இரண்டு பக்கமும் வெட்டும்.

முதலில் உங்களுக்குச் சாதகமான பக்கம். ஒப்பந்தத்தில் இல்லாத விதத்தில் பொருளைப் பயன்படுத்தினால், கவனக்குறைவே இல்லாவிட்டாலும் சேதத்துக்கு அவர் பொறுப்பு என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 154. தான் மட்டும் ஓட்டுவதற்கென்று இரவல் வாங்கிய குதிரையை வீட்டில் ஒருவருக்கு ஓட்டக் கொடுத்தார், அவரும் பத்திரமாகத்தான் ஓட்டினார், குதிரை தற்செயலாக விழுந்து அடிபட்டது, இரவல் வாங்கியவரே பொறுப்பு என்று அந்தப் பிரிவே உதாரணம் தருகிறது. வார்ப் பயிற்சிக்கு விட்ட நாயை இரவில் காட்டில் அவிழ்த்துவிட்டதில் காது கிழிந்திருந்தால், ‘முள்ளில் மாட்டியது, நான் என்ன செய்ய’ என்ற பதில் எடுபடாது. இதே காரணத்துக்காக ஒப்பந்தத்தை முறித்து நாயைத் திரும்பக் கேட்கவும் பிரிவு 153 இடம் தருகிறது.

இன்னொரு பக்கம், வனவிலங்கு (பாதுகாப்பு) சட்டம், 1972. நம் காட்டு முயல் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அந்தச் சட்டத்தில் வேட்டை என்பது கொல்வது மட்டுமல்ல. நாயை ஏவி விரட்டுவதும், பிடிப்பதும், அதற்கான முயற்சியும் வேட்டைதான். ‘நாய் ஓடிச்சு, ஒண்ணும் சிக்கல’ என்பது வாதமாகாது. தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உடும்பு போன்ற முதல் அட்டவணை (உச்சப் பாதுகாப்பு பெற்ற) விலங்கு மாட்டினால் சிறை குறைந்தது 3 ஆண்டு, 7 ஆண்டு வரை போகலாம். தூண்டியவருக்கும் பங்கு உண்டு (பிரிவு 52).

இனி உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து, பயிற்சியாளரோடு பேசியதை முதலிலிருந்து படியுங்கள். ‘ஓட்டம் நல்லா வரணும்’ என்பதில் குற்றமில்லை. ‘முயல் பிடிக்கப் பழக்கிக் குடுங்க’ என்று ஒரு வரியோ குரல்பதிவோ நீங்கள் அனுப்பியிருந்தால் கதையே மாறிவிடும். தூண்டியவர் என்ற இடத்தில் நீங்கள் நிற்பீர்கள். ஒப்பந்தத்தின் நோக்கமே சட்டவிரோதம் என்று ஆகிவிட்டால் ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 23-ன்படி அது செல்லாது, கட்டணத்தைத் திரும்பக் கேட்க நீதிமன்றம் கைகொடுக்காது. அப்படி ஏதும் இருந்தால் அழிக்காதீர்கள், சாட்சியத்தை அழிப்பது தனிக் குற்றம். வனத்துறைக்கோ நுகர்வோர் ஆணையத்துக்கோ எழுதும் முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், வனச்சரக அலுவலருக்கு எழுத்துமூலம் தகவல் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நாயின் உரிமையாளர் என்ற முறையில் அது உங்களுக்கும் பாதுகாப்பு. வீடியோவை ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். வந்த போனையும் அனுப்பியவர் எண்ணையும் பத்திரமாக வையுங்கள். நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, பாரதிய சாக்ஷிய அதிநியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-ன் கீழ் மின்னணு ஆவணச் சான்றிதழ் தேவைப்படும்.

கிராஸ் காசு உங்களுக்குச் சேர வேண்டியது. ஒப்படைத்த பொருளிலிருந்து வந்த பெருக்கமும் லாபமும் உரிமையாளருக்கே என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 163. பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்ட பசு கன்று போட்டால் கன்றையும் சேர்த்துத்தான் திருப்பித் தர வேண்டும் என்பது அதிலுள்ள உதாரணம். ஆனால் கேள்விப்பட்டது சாட்சியமாகாது. பெட்டை நாயின் உரிமையாளர் பணம் அனுப்பிய பதிவோ, அவரது வாக்குமூலமோ கிடைத்தால் மட்டும் கோரிக்கையில் சேருங்கள்.

இழப்பீட்டுக்குச் சரியான இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள். சேர்ந்ததற்கான அஞ்சல் சான்றை வைத்துக்கொள்ளுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பயிற்சியாளர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. எந்த ஆணையம் விசாரிக்கும் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் கொடுத்த கட்டணம், கேட்கும் இழப்பீடு அல்ல. 5 லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை. காலக்கெடு 2 ஆண்டு. நாய் இன்னும் அவரிடமே இருந்தால், அதை ஒப்படைக்க இடைக்கால உத்தரவும் சேர்த்துக் கேளுங்கள். மருத்துவச் செலவு, கட்டணம், நியாயமான ஒரு தொகை மன உளைச்சலுக்கு, இவ்வளவு போதும். 20 லட்சம் என்று கேட்டால் மனுவே விளையாட்டாகத் தெரியும். குட்டி விற்பதோ கிராஸுக்கு விடுவதோ உங்கள் தொழிலாக இருந்தால், ‘வணிக நோக்கம், இவர் நுகர்வோரே அல்ல’ என்று எதிர்த்தரப்பு சொல்லும். வீட்டு நாய் என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

ரசீதின் பின்பக்க வாசகத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். பணம் வாங்கிய பிறகு கையில் திணித்த, நீங்கள் கையெழுத்துப் போடாத அச்சு வரி அது. ஒன்றில் மட்டும் கவனம்: அதை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று தலைப்பிட்டு ரத்து செய்யக் கேட்காதீர்கள். அந்த அதிகாரம் மாநில ஆணையத்துக்குத்தான் இருக்கிறது. ‘சேவைக் குறைபாடு’ என்று மனுவை வடிவமைத்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும்.

கொடுமைப்படுத்தியதற்கு, விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960. நாய் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவரும் அதில் ‘உரிமையாளர்’ என்பதால், சோறு தண்ணீர் தராததற்கும், சங்கிலியிலேயே கட்டிப் போட்டதற்கும் பிரிவு 11 அவர்மேல் பாயும். ஆனால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். 1960-ல் வைத்த தொகை இன்னும் மாறவில்லை. அதைவிடச் சிக்கல், குற்றம் நடந்த 3 மாதத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும் (பிரிவு 36). நுகர்வோர் வழக்கின் 2 ஆண்டைப் பார்த்து இதையும் தள்ளிப்போட்டால் கதவு மூடிவிடும். நாய் நிரந்தரமாக ஊனமாகியிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 325 வரும், அதற்கு 5 ஆண்டு வரை சிறை. சங்கிலிப் புண்ணும் காதுக் கிழிசலும் மட்டும் அந்த அளவுக்கு எட்டாது.

மறுபடி எங்காவது பயிற்சிக்கு விடுவதானால் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முத்திரைத்தாள் குறைவாக இருந்தால் பிறகு அபராதம் கட்டிச் சரிசெய்யலாம், எழுதாமலே விட்டதைச் சரிசெய்ய முடியாது. அதில் இருக்க வேண்டியவை: நாயின் மைக்ரோசிப் எண், விடும் அன்று எடை, என்னென்ன கற்றுத்தர வேண்டும் என்று ஒவ்வொன்றாக, வேட்டைக்கோ கிராஸுக்கோ விடக் கூடாது என்பது, அடி, ஷாக் காலர் (மின் அதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டை) கூடாது என்பது, தீனி யார் செலவு, உங்களைக் கேட்காமல் எவ்வளவு வரை மருத்துவச் செலவு செய்யலாம், வாரம் ஒரு முறை தராசில் நிற்கும் வீடியோ, சொல்லாமல் வந்து பார்க்கும் உரிமை. நாய் இறந்தால் புதைக்கும் முன் உங்களுக்குத் தகவலும் அரசு மருத்துவரின் பிரேதப் பரிசோதனையும் கட்டாயம் என்று எழுதுங்கள், புதைத்துவிட்டால் காரணத்தை நிரூபிக்க முடியாது. உங்கள் நாய் கடிக்கும் பழக்கமுள்ளது என்றால் அதை நீங்களும் எழுதிக் கொடுக்க வேண்டும். தெரிந்தும் மறைத்து, அது பயிற்சியாளரைக் கடித்தால் ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 150-ன்படி அந்தச் செலவு உங்களுடையது.