அமெரிக்கத் தென்மேற்கின் பழைய வெள்ளிக் காப்பு: யார் கைவேலை என்று அறிவது எப்படி?

கேள்வி: அரிசோனாவில் வசிக்கிறேன். பழம்பொருள் விற்பனை ஒன்றில் அகலமான வெள்ளிக் காப்பு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். நடுவில் பச்சை கலந்த நீல நிறத்தில் டர்க்காய்ஸ் கல்லும், இருபுறமும் அம்புகளும், இடியை உண்டாக்குவதாகப் பழங்குடிக் கதைகள் சொல்லும் இடிப்பறவையின் உருவமும் உள்ளன. உள்பக்கத்தில் முத்திரை ஏதுமில்லை. 'நவஹோ பழங்குடி மக்கள் 1930களில் செய்தது' என்கிறார் விற்பவர். அவர் சொல்வதை நம்பி வாங்கலாமா?

பதில்: முத்திரை இல்லை என்பதற்காக அதை ஒதுக்கிவிட வேண்டாம். 1930களுக்கு முன் இப்பகுதிக் கைவினைஞர்கள் தம் பெயரையோ அடையாளத்தையோ நகையில் பொறித்தது மிகவும் அரிது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பொறிக்காதவர்களே அதிகம். நான் தயங்குவது அம்பையும் இடிப்பறவையையும் கண்டுதான். 1899 வாக்கில் சாண்டா ஃபே ரயில் பாதையில் உணவகங்களை நடத்திவந்த ஃப்ரெட் ஹார்வி நிறுவனம், பயணிகள் விரும்பி வாங்கும்படி எடை குறைந்த நகைகளைச் செய்யச் சொல்லி நவஹோ கைவினைஞர்களிடம் வெள்ளியும் கல்லும் கொடுக்கத் தொடங்கியது. 'செவ்விந்தியத்தனம்' என்று பயணிகள் எதிர்பார்த்த சின்னங்கள் அந்த வணிகத்தின் வழியாகவே பெருகின; ஆல்புகர்க்கி, டென்வர் போன்ற நகரங்களின் பட்டறைகள் அவற்றையே இயந்திர அச்சில் அடித்துக் குவித்தன. ஆகவே காப்பில் உள்ள இந்த உருவங்கள், யார் செய்தது என்பதை உறுதிப்படுத்தப் போதுமானவை அல்ல.

காப்பைத் திருப்பி, உருப்பெருக்கி வைத்து நிதானமாகப் பாருங்கள். கையால் அடித்த அச்சு ஒவ்வொன்றும் ஆழத்தில் சற்றே மாறுபடும். வரிசை முடியும் இடத்தில் இடைவெளி நெருங்கியோ விலகியோ இருக்கும். ஓங்கி அடித்த இடங்களில் பின்புறம் மெல்லிய புடைப்பும் தெரியலாம். இயந்திர அச்சில் இடமும் வலமும் துல்லியமாக ஒன்றுபோல இருக்கும், தகடும் மெலிந்திருக்கும். பழைய நகையை அச்செடுத்து வார்த்த போலியில் கோடுகளின் முனை மழுங்கி, உள்பக்கம் ஊசிமுனை அளவிலான குழிகள் தென்படும். கல்லைச் சுற்றியுள்ள வெள்ளி விளிம்பு கல்லை இறுகப் பிடித்திருக்க வேண்டும். ஓரத்தில் பசை கசிந்திருந்தால் கல் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம். பச்சை சாய்ந்த நிறம் குறையன்று, சருமத்தின் எண்ணெய் படிந்து டர்க்காய்ஸ் காலப்போக்கில் பச்சையாவது இயல்பு. சூடான ஊசியால் கல்லைக் குத்திச் சோதிக்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அது நல்ல கல்லையும் கெடுத்துவிடும்.

இப்பகுதிப் பழங்குடிகளான நவஹோ, ஸூனி, ஹோப்பி ஒவ்வொருவரின் பாணியையும் காட்டும் பொதுவான சில அடையாளங்கள் உண்டு. கனத்த வெள்ளி, அழுத்தமான அச்சுவேலை, வெள்ளியே முதன்மையாகத் தெரியும் அமைப்பு ஆகியவை நவஹோ வழி. ஊசி போலவோ நெல்மணி போலவோ சீவிய சிறு கற்களை வரிசை வரிசையாகப் பதிப்பதும், பல நிறக் கற்களை இழைத்து உருவங்கள் அமைப்பதும் ஸூனி வழி. மேல் தகட்டில் உருவத்தை வெட்டி எடுத்து, கறுப்பேற்றிய அடித்தகட்டின்மேல் பற்றவைப்பது ஹோப்பி வழி. இது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, போரிலிருந்து திரும்பிய ஹோப்பி வீரர்களுக்கு 1947 முதல் ஹோப்பி கலைஞர்களான பால் சௌஃப்கியும் ஃப்ரெட் கபோட்டியும் பயிற்சி அளித்ததால் பரவியது. எனவே அத்தகைய ஹோப்பி நகையை '1920களைச் சேர்ந்தது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆயினும் பாணியை வைத்து மட்டும் செய்தவரைத் தீர்மானிக்க இயலாது. ஸூனி மக்கள் வெள்ளிவேலையை நவஹோக்களிடமிருந்தும், ஹோப்பிகள் ஸூனிகளிடமிருந்தும் கற்றனர்; ஸூனி கல்வேலையும் நவஹோ வெள்ளிவேலையும் ஒரே நகையில் சேர்வதும் உண்டு.

காலத்தைக் கணிக்க உதவும் சின்னம் ஒன்றும் உண்டு. நம் சுவஸ்திகத்தை ஒத்த 'சுழலும் மரக்கட்டை' உருவம் நவஹோக்களின் குணப்படுத்தும் சடங்குகளைச் சேர்ந்தது. நாஜிகள் அவ்வடிவைக் கைக்கொண்டதை எதிர்த்து, 1940இல் நவஹோ, ஹோப்பி உள்ளிட்ட நான்கு பழங்குடிகளின் பிரதிநிதிகள் அதைக் கைவிடுவதாக அறிவித்தனர். அவ்வுருவம் உள்ள நகை பெரும்பாலும் அதற்கு முந்தையது. ஆனால் இதை அறிந்தே இன்று அதைப் புதிதாகப் பொறித்து விற்போரும் உள்ளனர். கழுகு உருவத்துடன் கூடிய மெக்சிகோ அரசின் முத்திரை இருந்தால், அந்த நகை 1948க்குப் பிந்தைய அந்நாட்டு வேலை.

விற்பவரிடம் எழுத்து வடிவில் ரசீது கேளுங்கள். 'நவஹோ பாணி' என்று எழுதினால் அவர் செய்தவரைப் பற்றி எந்த உறுதியும் தரவில்லை என்று பொருள். 'நவஹோ கைவினைஞர் செய்தது', உத்தேசக் காலம், வெள்ளியின் தரம், கல் இயற்கையானதா பதப்படுத்தியதா என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். 1935க்குப் பின் செய்யப்பட்ட பொருளைப் பழங்குடியினர் செய்ததாகப் பொய் சொல்லி விற்பது, 1990ஆம் ஆண்டின் செவ்விந்தியக் கலை, கைவினைச் சட்டப்படி குற்றம். முதல்முறை பிடிபடும் தனிநபருக்கே 2,50,000 டாலர் வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ விதிக்க முடியும். எழுதித் தர அவர் மறுத்தால், பெயருக்காக ஒரு டாலரும் கூடுதலாகத் தராமல், வெள்ளி எடைக்கும் கல்லுக்கும் வேலைப்பாட்டுக்கும் உரிய விலையை மட்டும் பேசுங்கள்.