ரெகொபெயாம் முதியோரின் ஆலோசனையைத் தள்ளியது ஏன்?

சாலொமோன் அரசனின் மகன் ரெகொபெயாம் இளமையின் அறியாமையால்தான் ராஜ்யத்தை இழந்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது. அரசனானபோது அவனுக்கு வயது 41 என்கிறது வேதாகமத்தின் 1 இராஜாக்கள் 14:21.

12ஆம் அதிகாரத்தில், சாலொமோன் சுமத்திய பாரமான நுகத்தை இலகுவாக்கும்படி சீகேமில் ஜனங்கள் வேண்டிக்கொண்டபோது, மூன்று நாள் தவணை கேட்டு முதியோரிடம் யோசனை கேட்டது வரை அவன் செய்தது சரியே. அவர்களோ, இன்று நீர் இந்த ஜனங்களுக்குச் சேவகனாகி நல்வார்த்தை சொன்னால் அவர்கள் எந்நாளும் உமக்குச் சேவகராயிருப்பார்கள் என்றார்கள். அரசனைப் பார்த்துச் 'சேவகன்' என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! அந்தச் சொல்தான் அவனுக்குக் கசந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். எபிரெய மூலத்தில் ஒரு நுட்பம் உண்டு: முதியோரிடம் நீங்கள் தரும் ஆலோசனை என்ன என்று கேட்டவன், தன்னோடு வளர்ந்த வாலிபரிடம் 'நாம்' என்ன மறுமொழி சொல்லலாம் என்று கேட்கிறான், அதற்கு முன்பே, 8ஆம் வசனத்தில், முதியோரின் யோசனையைத் தள்ளிவிட்டான். ஆகவே அவன் தேடியது ஆலோசனை அன்று, ஆமோதிப்பு.

என் தகப்பன் உங்களைச் சவுக்குகளால் தண்டித்தார், நானோ தேள்களால் தண்டிப்பேன் என்று கடினமாகப் பேசினான்; இஸ்ரவேலின் பத்துக் கோத்திரங்கள் பிரிந்தன. இது கர்த்தரால் நடந்தது என்று 15ஆம் வசனம் கூறினாலும், அவன் பொறுப்பு நீங்கிவிடவில்லை. அவன் ஆட்சியின் ஐந்தாம் ஆண்டில் எகிப்தின் அரசன் சீஷாக் படையெடுத்து வந்தபோதுதான், செமாயா தீர்க்கதரிசியின் சொல்லைக் கேட்டு அவன் தன்னைத் தாழ்த்தினான். எருசலேம் அழிவுக்குத் தப்பியது.